வஃபாவுக்கு ஒரு பம்பு

வளைகுடாவில் அந்த நாடு மிகச் சிறியது. தேசப்படத்தில் அதன் பெயரை நிலத்துக்குள் எழுத இடம் போதாமல் கடலில்தான் எழுதியிருப்பார்கள். அவ்வளவு சிறிய நாட்டுக்கு ஒரு தீவும், அந்தத் தீவுக்குப் போய்வர ஒரு பயணக் கப்பலும் இருந்தன. கப்பலின் பெயர் வஃபா. அரபியில் விசுவாசம் என்று பொருள். இருபத்தெட்டு வருடமாக அது தீவின் கல் குவாரிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, வேலை முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த நாட்டு அரசாங்கத்தில் லீவு எடுக்காத ஒரே ஊழியர் வஃபாதான் என்று துறைமுகத்தில் சொல்வார்கள்.

எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த 1981இல், வஃபாவை மாற்றிவிட்டுப் புதிய கப்பல் வாங்குவது என்று அரசு முடிவெடுத்தது. அதற்காக ஒன்பது பேர் கொண்ட தேசியப் பயணக் கப்பல் மாற்றுத் திட்ட உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. 1986இல் எண்ணெய் விலை தரைக்கு வந்தபோது, அந்தப் புதிய கப்பலை வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று விவாதிக்கும் பொறுப்பையும் அதே குழுவிடம் கொடுத்தார்கள். ஐந்து வருடமாக ஒரு கப்பலை வாங்காமல் இருந்த அனுபவம் நாட்டில் வேறு யாருக்கும் இல்லை.

புதிய கப்பல் ஐரோப்பாவில் ஏதோ ஒரு தளத்தில் பாதி கட்டிய நிலையில் நின்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதில் ஏதாவது ஒன்று சேர்ந்தது. முதலில் பளிங்குத் தரை. பிறகு பெரியவர்களின் வேட்டை வல்லூறுகளுக்குக் குளிரூட்டிய அறை. பிறகு அந்த அறைக்குப் போக லிஃப்ட். எடை கூடக் கூடக் கப்பல் கடலில் இறங்கும் ஆழமும் கூடி, கடைசியில் உள்ளூர்த் துறைமுகத்தில் அது தரை தட்டும் என்று வெளிநாட்டு ஆலோசகர் ஓர் அறிக்கை கொடுத்தார். முந்தைய அறிக்கையில் தரை தட்டாது என்று சொன்னவரும் அவரே. இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கியிருந்தார்.

இந்தக் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் கிளார்க் பத்மநாதன். யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரன், வயது இருபத்து நான்கு. அறைக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். ஒரு பக்கம் தட்டச்சு செய்தால் சுருக்கெழுத்து நோட்டோடு மூன்று தரம் ஒத்துப் பார்ப்பான். மூன்றாவது தரமும் சரியாக இருந்தால், தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைப்பான். அவனுடைய விசாவில் திட்டத்தின் பெயர் எழுதியிருந்தது. திட்டம் இருக்கும்வரை அவன் இருக்கலாம். திட்டம் போனால் முப்பது நாளில் அவனும் போக வேண்டும். ஊரிலிருந்து அக்கா செல்லம் எழுதிய கடைசிக் கடிதம் நாலு வரிதான்: "இப்ப இஞ்ச வராதை. உன்ர வயதுப் பெடியள் ஆனையிறவு ஆமிக் காம்பைத் தாண்டேலாது. அங்க கூட்டிப் பெருக்குற வேலையெண்டாலும் செய்துகொண்டு இரு. அம்மா சுகம்."

அவனோடு ஒரே அறையில் இருந்தவர் கார்மேகம். தொண்டிக்காரர், வஃபாவின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் ஆயில்மேன். ஒரு மாதமாக அவர் டூட்டி முடிந்து வரும்போது கால் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"தம்பி, ஒங்க ஆபீசுல ஒரு வார்த்த சொல்லு. தண்ணி எறைக்கிற பம்பு செத்துப்போச்சு. ஏணியில ரெண்டாவது படி வரைக்கும் தண்ணி நிக்கிது. அஞ்சு பேரு வாளி வச்சு அள்ளிக்கிட்டேதான் அக்கரைக்குப் போறோம்."

"கப்டன் எழுதித் தரேல்லையோ அண்ணை?"

"நாலு லெட்டரு குடுத்தாரு. தெரியாத மாதிரி எங்கிட்ட கேக்குற. பதில நீதான அடிச்ச?"

உண்மைதான். பத்மநாதன்தான் அடித்தான். மாற்றப்படவிருக்கும் கப்பலில் பழுதுபார்ப்பது பதினான்காம் விதிப்படி வீண்செலவு. மாற்றுத் திட்டம் நடப்பில் இருக்கும்வரை வஃபாவுக்கு ஓர் ஆணிகூட வாங்க முடியாது. முதல் மூன்று கடிதத்துக்கும் இதுவே பதில். நான்காவது கடிதத்தில் கார்மேகத்தின் ஊர்ப்பக்கத்துக்காரரான கேப்டன் ஈசா, "பயணிகளின் உயிர்" என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்ததால், குழு நேரில் ஆய்வு செய்யப் புறப்பட்டது. வஃபாவில் போவது பாதுகாப்பில்லை என்று துறைமுகப் பிரதிநிதி சொன்னார். எனவே விரைவுப் படகு ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஒன்பது பேரும் இருநூறு கெஜம் தள்ளி நின்று தொலைநோக்கியில் மாறி மாறிப் பார்த்தார்கள். 'கப்பல் மிதந்துகொண்டிருப்பது கண்ணால் காணப்பட்டது' என்று அறிக்கை தயாரானது. அதையும் பத்மநாதன் மூன்று தரம் ஒத்துப் பார்த்தான்.

ரத்து விவாதம் வாரத்துக்கு ஒரு நாள், காலை பதினொன்றிலிருந்து பகல் இரண்டு மணிவரை நடந்தது.

"இந்தத் திட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்," என்பார் நிதிப் பிரதிநிதி. "இதைத் தொடங்க வேண்டும் என்று முதலில் சொன்னவனும் நானே. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கு இரட்டிப்புத் தகுதி உண்டு."

துறைமுகப் பிரதிநிதி எழுவார். "கப்பலை ரத்து செய்தால், அது வந்து அணையக் கட்டிய புதிய ஜெட்டி என்ன ஆவது? ஜெட்டிக்காகவாவது ஒரு கப்பல் வேண்டும். ஜெட்டியைத் தவறான இடத்தில் கட்டிவிட்டோம் என்பது வேறு விஷயம். அதற்கு வேறு குழு இருக்கிறது. அதிலும் நான் இருக்கிறேன்."

செய்தித்துறைப் பிரதிநிதிக்குக் கவலை வேறு. "இந்தக் கப்பலை நாங்கள் தபால்தலையில் போட்டுவிட்டோம். தபால்தலையில் இருக்கிற கப்பல் கடலில் இல்லையென்றால் மக்கள் கடலைத்தான் சந்தேகப்படுவார்கள்."

கடைசியாகத் தலைவர் பேசுவார். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் இதுவரை எந்தப் பக்கத்திலும் இருந்ததில்லை. அதனால்தான் இந்த நாற்காலியில் இருக்கிறேன்."

மேசை நடுவில் புதிய கப்பலின் மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு கூட்டத்தில் அந்தக் கண்ணாடியில் கீறல் விழுந்திருப்பதைக் கண்டார்கள். மாதிரிக் கப்பலுக்குள் தூசி புகுந்துவிடும் என்ற கவலையில், புதிய பெட்டி வாங்க மூன்று நிமிடத்தில் ஒருமனதாக ஒப்புதல் கிடைத்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குழு முழுசாக முடித்த காரியம் அது ஒன்றுதான்.

இரண்டு மணி அடித்ததும், யார் எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். டூட்டி முடிந்தது. பத்மநாதன் நோட்டோடு தனியே உட்கார்ந்திருப்பான்.

அவன் வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போய் அலுவலக ஆங்கிலம் படித்தான். கூட்டக் குறிப்பில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று அங்கே ஆசிரியர் நவரத்தினம் சொல்லியிருந்தார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன முடிவானது. "மூண்டாவது இல்லையெண்டால் அது கூட்டக் குறிப்பில்லை, ஊர்க்கதை," என்று அவர் சொன்னதைப் பத்மநாதன் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தான். ஆகவே எந்தக் கூட்டத்திலும் யாரும் எந்த முடிவும் சொல்லாததால், அவன் தானாக 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி வந்தான். குறிப்பு ஒன்பது பேருக்கும் போகும். ஏழு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அது இறுதி முடிவு. ஒருமுறைகூட மறுப்பு வந்ததில்லை.

ஒருநாள் நிதிப் பிரதிநிதி போனில் கூப்பிட்டார். "போன வாரம் நாம் என்ன முடிவு செய்தோம்?"

"ஒத்திவைத்தோம், சார்."

"நல்லது. என் கருத்தும் அதுதான்."

பத்து நிமிடத்தில் துறைமுகப் பிரதிநிதி கூப்பிட்டார். அதே கேள்வி, அதே பதில். "நான்தான் அதை வற்புறுத்தினேன்," என்றார் அவர்.

போனை வைத்ததும் பத்மநாதன் அலமாரியைத் திறந்தான். ஒன்றரை வருடத்து நோட்டுகளையும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். ஒத்திவைக்கச் சொன்னவர் எவரும் இல்லை. எழுபத்தொரு கூட்டத்தையும் அவனே ஒத்திவைத்திருந்தான். ஒவ்வொரு தரமும் அவனுடைய விசா ஒரு வாரம் நீண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் வஃபாவுக்கு ஓர் ஆணிகூட வாங்க முடியாது என்பதும் ஒரு வாரம் நீண்டிருந்தது.

அந்த வாரம் தண்ணீர் மூன்றாவது படிக்கு ஏறியது. நடுக்கடலில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றதாகவும், மேலே நூற்றிருபது பேர் இருந்ததாகவும் கார்மேகம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஏன் தம்பி, அந்தப் புதுக் கப்பலு வேணான்னுட்டா எங்களுக்குப் பம்பு வாங்கலாமா?"

"வாங்கலாம் அண்ணை. மாத்தப்போற கப்பல் இல்லையெண்டால் அந்த விதி செல்லாது."

"அப்ப வேணான்னு சொல்லிறச் சொல்லு. கொடலயா உருவிக் கேக்குறோம்? ஒரு பம்புதான?"

பத்மநாதன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாமெண்டால் என்ர விசாவும் முடிஞ்சுது," என்றான்.

கார்மேகம் தம் மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார். "அப்ப விடு தம்பி. நாங்க அள்ளிக்கிறோம்."

அவர் சண்டை போட்டிருந்தால் பத்மநாதன் இன்னும் ஒரு வாரம் ஒத்திவைத்திருப்பான்.  மறுநாள் எழுபத்திரண்டாவது கூட்டத்தின் குறிப்பை எடுத்தான். நான்கு பேர் ரத்து என்ற பக்கம் பேசியிருந்தார்கள். மூன்று பேர் எதிர்ப்பக்கம். இரண்டு பேர் ஏசியின் குளிரைப் பற்றி. நான்கு பெரிய எண்தானா என்று விரலில் எண்ணிப் பார்த்தான். பிறகு 'திட்டத்தை ரத்து செய்வது என முடிவு செய்யப்பட்டது' என்று அடித்தான். ஓர் எழுத்து மாறி விழுந்ததில் முதல் தாள் வீணானது. இரண்டாவது தாளை அனுப்பினான்.

ஏழு நாள் போனது. மறுப்பு வரவில்லை.

எட்டாம் நாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. 'பொதுப் பணத்தைக் காத்த துணிச்சலான முடிவு.' ஒன்பது பேரும் தனித்தனியாகப் பேட்டி கொடுத்திருந்தார்கள். ஒன்பது பேரும் தாமே அதை முன்மொழிந்ததாகச் சொன்னார்கள். எதிர்த்துப் பேசிய மூவரும், விவாதம் ஆழமாக அமைய வேண்டும் என்பதற்காகவே எதிர்ப்பதுபோல் பேசியதாக விளக்கினார்கள். ஏசியைப் பற்றிப் பேசியவர்கள், குளிரை எடுத்துச் சொன்னதே சிக்கனத்தின் அடையாளம் என்றார்கள்.

அன்று மத்தியானமே பத்மநாதனின் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. முப்பது நாள்.

பழைய குழு கலைந்தது. அதே ஒன்பது பேரைக் கொண்டு வஃபா புனரமைப்பு உயர்நிலைக் குழு அமைந்தது. புது கிளார்க் வரும்வரை பத்மநாதனே குறிப்பு எழுதட்டும் என்றார்கள். முதல் கூட்டம் முழுவதும், புனரமைப்பு என்ற சொல் வஃபா இதுவரை சரியில்லாமல் இருந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பேச்சிலேயே போனது. இரண்டு மணி அடித்தது. எழுந்துவிட்டார்கள். பத்மநாதன் இந்தத் தரம் முதல் தாளிலேயே பிழையில்லாமல் அடித்தான்: 'தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றை உடனடியாக வாங்குவது என முடிவு செய்யப்பட்டது.'

ஆனால் ஒன்றை அவன் கணக்கில் எடுக்கவில்லை. பத்திரிகையில் பெயர் வந்த பிறகு ஒன்பது பேரும் கூட்டக் குறிப்பைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான்காம் நாள் மூன்று மறுப்புகள் வந்தன. பம்பு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அதை முன்மொழிந்தவர் யார் என்று குறிப்பில் இல்லை என்பதுதான் குறை. நிதிப் பிரதிநிதி தாமே என்று எழுதியிருந்தார். துறைமுகப் பிரதிநிதியும் அப்படியே. செய்தித்துறைப் பிரதிநிதி, தாம் முன்மொழிந்தபோது தம் குரல் எப்படித் தழுதழுத்தது என்பதையும் சேர்த்திருந்தார். பம்பு நிறுத்தி வைக்கப்பட்டது. விசாரணைக்குப் பத்மநாதனைக் கூப்பிட்டார்கள்.

மேசையைச் சுற்றி ஒன்பது பேர். நடுவில் புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் ரத்தான கப்பல்.

"நீதானே எழுதினாய்? பம்பைச் சொன்னது யார்?" என்றார் தலைவர்.

பத்மநாதனுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எவரும் சொல்லவில்லை, நானாக எழுதினேன் என்று சொன்னால் முந்தைய குறிப்பையும் தோண்டுவார்கள். ரத்தும் செல்லாது என்றாகும். திட்டம் உயிர்த்து எழும். விசாவும் எழும். அவன் ஊருக்குப் போக வேண்டியதில்லை. பதினான்காம் விதியும் எழுந்து வந்து வஃபாவின் மேல் உட்காரும். அவன் வாழ்க்கையில் உண்மை அவனுக்குச் சாதகமாக இருந்த முதல் சந்தர்ப்பம் அது. நோட்டைத் திறந்தான். வெற்றுப் பக்கம்தான். அதில் விரலை வைத்து வாசிப்பதுபோல், "மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னீர்கள், சார்," என்றான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சாத்தியம்தான் என்று முகத்தில் தெரிந்தது.

"நான்?" என்றார் தலைவர்.

"தலைவர் சொல்ல வாயெடுத்ததாகவும் குறித்திருக்கிறேன், சார்."

பம்பு வந்தது. மூன்று பேர் முன்மொழிந்ததால் மூன்று பொத்தான்கள் வைக்கச் சொல்லி, அவற்றுக்கு அடியில் மூன்று பித்தளைத் தகடுகளும் பொருத்தினார்கள். திறப்பு விழா பத்மநாதனின் முப்பது நாளில் இருபத்தெட்டாம் நாள் பிற்பகலில் வைக்கப்பட்டது. எஞ்சின் அறைக்குக் கம்பளம் வந்தது. கம்பளத்தோடு வந்த விழா நெறிமுறை அதிகாரி ஏணிக்கு மேல் நின்று, முக்கியஸ்தர்களின் காலணி நனையக் கூடாது, தரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும் என்றார். கார்மேகமும் நாலு பேரும் விடிந்ததிலிருந்து வாளி வைத்து அள்ளினார்கள். அடித்தளத்தைத் துணி போட்டுத் துடைத்தார்கள்.

"தம்பி, அந்த ஆளுகிட்ட சொல்லு. தண்ணியில்லாம இந்தப் பம்ப ஓட்டப்படாது. உள்ள இருக்குற ரப்பர் சீலு எரிஞ்சு போயிரும். ரெண்டு சாண் தண்ணியாச்சும் கெடக்கட்டும்."

பத்மநாதன் போய்ச் சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "பம்பு எதற்கு?"

"தண்ணீரை வெளியேற்ற, சார்."

"தண்ணீர் இல்லை. அப்படியென்றால் பம்பு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? விழாவன்று தண்ணீர் நின்றால் பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான்?"

மூன்று பொத்தான்களும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டன. பம்பு உறுமியது. கை தட்டினார்கள். நிதிப் பிரதிநிதி இருபது நிமிடம் பேசினார். துறைமுகப் பிரதிநிதி அவரைவிட ஒரு நிமிடமாவது கூடப் பேச வேண்டியிருந்தது. செய்தித்துறைப் பிரதிநிதிக்குக் குரல் தழுதழுக்கவே நேரம் பிடித்தது. பம்பு வறண்டபடி ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது பேச்சின் நடுவில் ரப்பர் தீயும் நாற்றம் எழுந்தது. ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. பம்பு நின்றது.

"இத்தனை அமைதியாக ஓடும் பம்பை நான் பார்த்ததில்லை," என்றார் தலைவர். பெட்டியிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு எல்லோரும் மேலே போனார்கள்.

கம்பளத்தைச் சுருட்டுவதற்குள் ஓரத்தில் ஈரம் ஏறிவிட்டது.

நாலு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சோற்றுக் கேரியரோடு ஏறத் தொடங்கியிருந்தார்கள். பத்மநாதன் கேப்டன் ஈசாவிடம் ஓடினான்.

"கப்டன், பம்பு எரிஞ்சு போச்சு. இண்டைக்கு எடுக்க வேண்டாம்."

ஈசா ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பம்பு நன்றாக இயங்குகிறது என்று ஒன்பது கையெழுத்து. மை இன்னும் காயவில்லை. "இத வச்சுக்கிட்டு நான் எப்படிங்க கப்பல நிறுத்துறது? ஓடலன்னு யாரு எழுதிக் குடுத்தான்னு கேப்பான். நீங்க எழுதிக் குடுப்பீங்களா? குடுத்தாலும் ஏழு நாளு. அங்க குவாரியில நூறு பேரு வேலை முடிஞ்சு கரையில நிக்கிறான்."

பத்மநாதன் படிக்கட்டருகே நின்று ஏறுகிறவர்களை மறித்தான். "ஏறாதேங்கோ. தண்ணி வருது."

கற்பொடி அப்பிய சட்டை போட்ட ஒருவர், ராமையா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கமிட்டி ஆளா?"

"ஓம்."

"புதுப் பம்பு போட்டாச்சுன்னு கமிட்டிதான சொல்லிச்சு? இப்ப போர்மேன் வந்து எனக்கு ஆப்சென்ட் போடுவான், அப்ப நீங்க வந்து நிப்பீங்களா? தள்ளுங்க சார்."

ஜெட்டியில் அலுவலகக் கார் ஹாரன் அடித்தது. விழாக் குறிப்பு ஐந்து மணிக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். "யல்லா, யல்லா," என்று டிரைவர் அவசரப்படுத்திக் கையை ஆட்டினார். காரில் ஏறினால் குறிப்பை அடித்துவிட்டுப் போய்ப் பெட்டி கட்டலாம். நாளை மறுநாள் விமானம்.

கயிற்றை அவிழ்த்தார்கள். ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகத் தொடங்கியது. அகலம் எவ்வளவு இருக்கும் என்று பத்மநாதன் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. தாவிவிட்டான்.

எஞ்சின் அறை ஏணியில் இறங்கியபோது அடிப்படி மூழ்கியிருந்தது. பளபளக்கும் மூன்று பித்தளைத் தகடுகளுக்குக் கீழே ஐந்து பேர் வரிசையாக நின்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். கார்மேகம் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நகர்ந்து, ஒரு வாளியை நீட்டினார்.

பத்மநாதன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக் கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். குனிந்து அள்ளி மேலே இருந்தவரிடம் கொடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. உதடு தானாக அசைந்தது.

"எண்ணாத தம்பி," என்றார் கார்மேகம். "அள்ளு."